ஜூஜூவாடிக்கு அப்பால் சிரி: எல்லையோரக் குழந்தைப் பெயர்களின் பொருள்மாற்றம் குறித்த ஆராய்ச்சி

குழந்தைக்குப் பெயர் வைத்தல் என்பது, பொருளுள்ள ஓர் ஒலித்தொகுதியை, அதைப் பற்றி எந்தக் கருத்தும் சொல்ல இயலாத ஒருவர்மேல் உறவினர் அனைவரும் கூடி நிரந்தரமாக ஏற்றிவைக்கும் செயல் என்று வரையறுக்கத்தக்கது. இச்செயலில் ஈடுபடுவோர் அந்த ஒலிக்குத் தம் வீட்டுத் திண்ணை வரையில் வழங்கும் பொருளை மட்டும் ஆராய்ந்து மனநிறைவு கொள்கிறார்கள். திண்ணையைத் தாண்டியபின் அது என்னவாகிறது என்ற கேள்வி, குழந்தை வளர்ந்து வேலைக்குப் போகும் நாள்வரை எழுவதில்லை. ஒரு பெயர் ஒலி மாறாமல் ஒரு மொழி வட்டத்திலிருந்து இன்னொன்றுக்குள் நுழைந்து, அங்கே பொருள் மட்டும் வேறாகி நிற்பதை இக்கட்டுரை 'பெயர்ப்பிறழ்ச்சி' என்று குறிப்பிடும். ஒலியும் சேர்ந்து மாறுமானால் அது பிறழ்ச்சியாகாது, வெறும் உச்சரிப்புக் கோளாறே. கோளாற்றைச் சொல்லித் திருத்தலாம், பிறழ்ச்சியில் இரு தரப்பும் சரியாகவே உச்சரிப்பதால் திருத்துவதற்கு ஒன்றுமில்லை.

இத்தகைய ஆராய்ச்சிக்கு உரிய களம் தூதரகமோ விமான நிலையமோ அன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கு விளிம்பே போதுமானது. 1956 நவம்பர் 1 அன்று மொழிவாரி மாநில எல்லைகள் நடைமுறைக்கு வந்தபோது ஓசூரும் தளியும் தேன்கனிக்கோட்டையும் சென்னை மாநிலத்தில் நின்றன என்றாலும், எல்லைக்கோட்டை வரைபடத்தில் இழுக்க முடிந்ததே தவிர வீடுகளுக்குள் இழுக்க முடியவில்லை. ஆகவே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் ஒரே தெருவில், சில இடங்களில் ஒரே சமையலறையில் வழங்கிவந்தன. பிறகு சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அதைத் தொடர்ந்து இந்தியும் ஒடியாவும் வந்தன. ஆலைகளின் கூட்டு ஒப்பந்தங்கள் வழியாக ஜப்பானியமும் ஜெர்மனும் அவ்வப்போது வந்துபோயின. போக்குவரத்து நெரிசல் இல்லாத நாளில் ஓசூர்ப் பேருந்து நிலையத்தில் ஏறும் ஒரு பெயர், ஜூஜூவாடிச் சோதனைச் சாவடியைக் கடந்து, அரை மணிக்குள் அத்திபெலேயில் வேறு பொருளோடு இறங்கிவிடும். சாவடியில் வண்டிகளைத்தான் சோதிக்கிறார்கள், பெயரைச் சோதிப்பதில்லை.

முதலில் ஓசூர் என்னும் ஊரையே எடுத்துக்கொள்வோம். புதுமையைக் குறிக்கும் தமிழ்ப் 'புது' என்பதன் உறவுச்சொல் கன்னடத்தில் 'ஹொச' என்று வழங்குவதால், ஹொசூரு என்பதற்குப் புதூர் என்பதே பொருள். தமிழ்நாட்டில் எண்ணிக்கைக்கு அடங்காத புதூர்களில் இதுவும் ஒன்று, கன்னட உடை உடுத்தியது என்பதே வேறுபாடு. பழங்கன்னடத்தின் பகரம் காலப்போக்கில் ஹகரமாக மாறியது என்பது மொழியியலார் அனைவரும் ஒப்பிய செய்தி: பால் ஹாலு ஆயிற்று, புலி ஹுலி ஆயிற்று, பத்து ஹத்து ஆயிற்று, பள்ளி ஹள்ளி ஆயிற்று. தமிழரோ ஹகரத்தைக் கண்டால் கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்லும் இயல்பினர் ஆதலால், ஹொசூரு ஓசூர் ஆகி, இரு மொழியிலும் பொருள் தெளிவற்ற ஒரு பெயராக நிலைபெற்றது. இதை 'ஓசி' என்னும் சொல்லோடு தொடர்புபடுத்தி விளக்கம் தருவோர், அங்கே வீட்டு வாடகை கொடுத்துப் பார்த்தவர்கள் அல்லர்.

இதே ஒலிமாற்றம் மனிதர்க்கும் நேர்கிறது. பொன்னப்பன் மேற்கே சென்றால் ஹொன்னப்பா. தமிழ் வகரம் சொல்முதலில் கன்னடத்துப் பகரமாக ஒலிக்கும் என்னும் இன்னொரு விதிப்படி வெள்ளியப்பன் குடகுப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் பெள்ளியப்பா. ஆயினும் பொன் பொன்னாகவும் வெள்ளி வெள்ளியாகவும் இருந்துவிடுவதால், மேலே கண்ட வரையறைப்படி இவை பிறழ்ச்சியில் சேரா. அவற்றை இங்கே குறிப்பிட்டதன் நோக்கம், இவ்வாய்வு எதை விலக்குகிறது என்று காட்டுவதே. எதையும் விலக்காத ஆராய்ச்சியை அறிஞர் மதிப்பதில்லை.

உண்மையான பிறழ்ச்சி 'சின்ன' என்னும் அடைமொழியில் தொடங்குகிறது. சின்னப்பன், சின்னம்மாள், சின்னசாமி ஆகிய பெயர்கள் தமிழிலும் தெலுங்கிலும் இளையவரை, அதாவது வீட்டில் இன்னொரு பெரியவர் இருக்கிறார் என்பதை நினைவூட்டப்பட்டுக்கொண்டே வளர்ந்தவரைக் குறிப்பன. கன்னடத்திலோ 'சின்ன' என்றால் தங்கம். கிழக்கே இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்ட பிள்ளை மேற்கே பொன்மகனாகிறான். பெங்களூருவின் சின்னசாமி கிரிக்கெட் மைதானத்தில் அமர்ந்திருக்கும் தமிழ் ரசிகர் சிறியசாமியின் அரங்கில் இருப்பதாகவும், பக்கத்து இருக்கைக் கன்னட ரசிகர் தங்கசாமியின் அரங்கில் இருப்பதாகவும் எண்ணிக்கொள்ளலாம், நுழைவுச்சீட்டின் விலை இருவருக்கும் ஒன்றே எனினும். கிருஷ்ணகிரியிலிருந்து அதிகத் தொலைவில்லாத கோலார் தங்கவயலில், 2001-இல் சுரங்கம் மூடப்படும்வரை தலைமுறை தலைமுறையாகத் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்தனர். அவர்களுள் சின்னப்பன் என்று பெயருடைய எவரேனும் இருந்திருப்பின், அவர் கன்னட மேற்பார்வையாளரின் காதில், தன் பெயரையே வாழ்நாள் முழுதும் தோண்டிக்கொண்டிருந்தவர் ஆவார்.

இரண்டாம் சான்று தானியம். கேழ்வரகு விளையும் நிலமாகிய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கேழ்வரகு, சாமை, தினை போன்றவற்றுக்குச் சிறுதானியம் என்று பெயர். எல்லைக்கு அப்பால் அதே மூட்டைக்குச் 'சிரிதானிய' என்று பெயர். 'சிரி' என்பது வடமொழி 'ஸ்ரீ' என்பதன் கன்னடத் திரிபு. செல்வம், வளம் என்று பொருள்படும். ஆக, கிழக்கே சிறிய தானியம், மேற்கே செல்வத் தானியம். இவ்விரு சான்றுகளையும் சேர்த்து நோக்குமிடத்து, தமிழில் சிறுமை குறித்து நிற்கும் ஒலி ஜூஜூவாடியைக் கடந்தவுடன் செல்வம் குறிக்கும் என்னும் பொதுவிதி புலனாகிறது; இதை 'மதிப்புயர்வு விதி' எனலாம். இரண்டே சான்றுகளை வைத்து விதி வகுப்பது தகுமா என்று ஐயுறுவோர், ஓசூர்ச் சம்பளத்தையும் பெங்களூருச் சம்பளத்தையும் ஒப்பிட்டு மூன்றாம் சான்றைத் தாமே பெற்றுக்கொள்ளலாம்.

விதி எதிர்த்திசையிலும் செயல்படும் என்பதற்குக் கர்நாடக அரசியல் உதவுகிறது. அம்மாநிலத்தின் முதலமைச்சராக 1988-இல் பதவியேற்றவரும், 2021-இல் பதவியேற்ற அவர் மகனும் பொம்மை என்னும் குடும்பப்பெயர் உடையவர்கள். அப்பெயர் தமிழ்ச் செய்தித்தாளில் அச்சேறும்போது என்ன தோற்றம் தருகிறது என்பதை விவரிக்கத் தேவையில்லை. ஆனால் மாநில அரசுகளை விருப்பம்போல் கலைத்துவிடக் கூடாது, பெரும்பான்மையைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும் என்று 1994-இல் உச்ச நீதிமன்றம் வரையறுத்த புகழ்பெற்ற வழக்குக்குப் பொம்மை வழக்கு என்றே பெயர் வாய்த்தது குறிப்பிடத்தக்கது. மாநில அரசுகள் பொம்மைகள் அல்ல என்பதைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான தலைப்பைத் தமிழ்ப் புலவர் எவரும் தேடிப் பிடித்திருக்க முடியாது.

இனி இவ்வாய்வின் தலைமைச் சான்றுக்கு வருவோம். 'சிரி' என்பது கர்நாடகத்தில் பெண்குழந்தைக்கு இடப்படும் பெயர்; எழுதச் சுலபம், கூப்பிடச் சுருக்கம், பொருளோ செல்வம். துளுநாட்டில் சிரி என்னும் தலைவியைப் பற்றி வாய்மொழியாகப் பாடப்படும் காவியம் ஒன்று உண்டு. பின்லாந்து நாட்டு நாட்டாரியல் அறிஞர் லௌரி ஹோன்கோ அதைக் கோபால நாயக்கர் என்னும் பாடகரிடமிருந்து பதிவுசெய்து 1998-இல் 15,683 அடிகளாக வெளியிட்டார். இவ்வளவு பெருமை உடைய பெயரோடு ஒரு குழந்தை தந்தையின் வேலை மாற்றத்தால் ஆனேக்கல்லிலிருந்து மத்திகிரிக்குக் குடிவந்தால், அது முதலில் சந்திப்பது தமிழ் இலக்கணத்தின் ஏவல் வினைமுற்றை. ஏவல் வினைமுற்று என்பது முன்னிலையில் நிற்பவரை ஒரு செயலைச் செய்யும்படி பணிக்கும் வினைவடிவம். நட, வா, படி என்பன போலச் 'சிரி' என்பதும் அத்தகையதே. எனவே மேற்கே 'செல்வமே' என்று விளிக்கப்பட்ட குழந்தை, கிழக்கே விளிக்கப்படும் ஒவ்வொரு முறையும் ஒரு கட்டளையைப் பெறுகிறது. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும் ஆசிரியை 'சிரி' என்று வாசித்தவுடன் மற்ற முப்பது பிள்ளைகள் கட்டளையை நிறைவேற்றுவதும், ஆசிரியை 'சிரி, சிரிக்காதே' என்று முன்னும் பின்னும் முரணான ஆணை ஒன்றைப் பிறப்பிக்க நேர்வதும் தவிர்க்க இயலாதவை. அக்குழந்தை வளர்ந்து ஆலையில் உயரதிகாரி ஆகுமானால் சிக்கல் மரியாதைப் பன்மைக்குள் புகுகிறது: ஏவலை மரியாதையோடு சொல்ல வேண்டுமெனில் 'சிரிங்க' என்றல்லவா சொல்ல வேண்டும்? பெயரையும் வினையையும் பிரித்தறிய முடியாத நிலையில் கீழ்நிலை ஊழியர் 'சிரி மேடம்' என்று அழைப்பது, இலக்கணப்படி, மரியாதையும் அவமரியாதையும் சம அளவில் கலந்த தொடராகும்.

இதற்குமேலும் ஒரு சிக்கல் 2011-இல் சேர்ந்தது. அவ்வாண்டு ஆப்பிள் நிறுவனம் ஐபோனில் வெளியிட்ட குரல்வழி உதவியாளுக்குச் சிரி என்று பெயர். அதை உருவாக்கியோருள் ஒருவரும் நார்வேத் தொடர்புடையவருமான டாக் கிட்லவுஸ், தமக்குப் பெண் பிறந்தால் இடுவதற்கென்று எண்ணிவைத்திருந்த பெயர் அது. பிறந்தது ஆண் என்பதால் பெயர் இயந்திரத்துக்குப் போயிற்று. ஸ்காண்டிநேவியாவில் சிரி என்பது சிக்ரித் என்னும் பழம்பெயரின் குறுக்கம். வெற்றி, அழகு ஆகிய இரு சொற்கள் இணைந்து உருவானது. ஆக, கன்னடத் தாயும் நார்வேத் தந்தையும் ஒருவரையொருவர் அறியாமல், முற்றிலும் வேறான வேர்களிலிருந்து, ஒரே பெயரை ஒரே நோக்கத்துக்காகத் தேர்ந்திருக்கிறார்கள். ஓசூரை அடுத்த டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஐபோனின் உறைப்பாகங்கள் செய்யப்படுகின்றன என்பதைக் கருத்தில் கொண்டால், சிரியின் உடல் கிழக்கே தமிழ்நாட்டில் உருவாகிறது, பெயர்ப்பொருள் மேற்கே கர்நாடகத்தில் கிடைக்கிறது என்று கூறுவதில் தவறில்லை. வீட்டில் அப்பெயருடைய குழந்தையைச் சாப்பிட அழைக்கும்போது மேசைமேல் கிடக்கும் கைப்பேசி முதலில் விழித்துப் பதில் சொல்ல முற்படும் என்பதும், குழந்தை அதைப் பார்த்துத் தானும் இரண்டாம் அழைப்புவரை காத்திருக்கக் கற்றுக்கொள்ளும் என்பதும் எதிர்பார்க்கத்தக்க விளைவுகள். ஜப்பானியர் காதில் 'ஷிரி' என்று விழும் இவ்வொலி அம்மொழியில் மனித உடலின் எப்பகுதியைக் குறிக்கும் என்பதை, அப்பகுதி உட்காரப் பயன்படுவது என்ற அளவில் குறிப்பிட்டு நிறுத்துவது நூன்மரபு.

சிரியின் பிறழ்ச்சி எல்லையைக் கடப்பதால் வருவது; எல்லையே கடக்காமல், தமிழ் எழுத்தின் சிக்கனத்தால் மட்டும் வரும் பிறழ்ச்சிக்குக் 'கோபி' எடுத்துக்காட்டு. தமிழில் ககரம் ஒன்றே. அதுவே வல்லொலியாகவும் மெல்லோசை கலந்தும் இடத்துக்கேற்ப ஒலிக்கும், பகரமும் அவ்வாறே. ஆகவே கோபாலகிருஷ்ணன், கோபிநாத் ஆகியோரின் சுருக்கமாகிய கோபியும், கோபம் உடையவனாகிய கோபியும், ஈரோடு மாவட்டத்துக் கோபிசெட்டிபாளையத்தின் சுருக்கமாகிய கோபியும், மங்கோலிய மொழியில் நீரற்ற நிலத்தைக் குறிக்கும் கோபிப் பாலைவனமும், இந்தியில் காலிஃபிளவரைக் குறிக்கும் கோபியும் ஒரே இரண்டு எழுத்துகளுக்குள் நெருக்கியடித்து வாழ்கின்றனர். கன்னட எழுத்தில் ஆயர்குலக் கோபிக்கு ஒரு வடிவம், கோபக்காரருக்கு ஒரு வடிவம், காய்கறிக்கு ஒரு வடிவம் என்று தனித்தனி வீடுகள் உண்டு. ஓசூரின் மாலைநேரத் தள்ளுவண்டியில் 'கோபி ரெடி' என்று தமிழில் எழுதியிருப்பதைக் காணும் கோபி என்னும் இளைஞர், தன்னைத்தான் யாரோ ஆயத்தப்படுத்தியிருப்பதாக எண்ணுவதற்கு இலக்கணத் தடை ஏதுமில்லை. நடைமுறையில் குழப்பம் நேராமைக்குக் காரணம் மக்கள் தாமே வகுத்துக்கொண்ட ஒரு குறிப்பு: முன்னால் தலைப்பெழுத்து இருந்தால் மனிதர், பின்னால் 'ஒரு பிளேட்' இருந்தால் உணவு.

மஞ்சூரியன் என்னும் துணைப்பெயர் சேரும்போது இவ்விடயம் புவியியலுக்குள் செல்கிறது. மும்பையில் 1970-களின் நடுவில் நெல்சன் வாங் என்னும் சமையற்கலைஞர் கோழியை வைத்துத் தொடங்கியதாகச் சொல்லப்படும் அந்தப் பதார்த்தம், பிறகு சைவமாகி, காலிஃபிளவரோடு சேர்ந்து, கோபி மஞ்சூரியன் ஆயிற்று; கோபிப் பாலைவனமும் மஞ்சூரியாவும் ஆசிய வரைபடத்தில் ஏறக்குறைய அண்டை நிலங்கள் ஆதலால், ஒரு தட்டில் வட ஆசியாவின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. 2024 மார்ச்சில் கர்நாடக அரசு இவ்வுணவில் செயற்கை நிறமிகள் சேர்ப்பதைத் தடைசெய்தது. அச்செய்தியைத் தமிழில் தலைப்பிட்டவர்கள் கோபி என்ற சொல்லை எச்சரிக்கையோடு கையாள வேண்டியிருந்திருக்கும். சொல் ஒன்றைத் தவறவிட்டிருந்தால், கர்நாடகத்தில் கோபிக்கு நிறம் பூசத் தடை என்னும் செய்தி மேக்கப் கலைஞர்களை அச்சுறுத்தியிருக்கும். தமிழ் எழுத்தில் ககர வேறுபாட்டுக்குத் தனி வடிவம் வேண்டுமென்று வாதிடுவோர் இதைச் சான்றாகக் காட்டலாம். முன்கோபி என்னும் சொல்லுக்குத் தள்ளுவண்டிக்கு முன்னால் நிற்பவர் என்று பொருள்கொள்ளும் வாய்ப்பு அப்போது பறிபோகும் என்பதையும் அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும்.

நாடு கடந்த பிறழ்ச்சியைப் பொறுத்தவரை, ஓசூரின் வரலாற்றை இரு காலங்களாகப் பகுப்பது வசதியாக இருக்கும். டி.வி.எஸ். நிறுவனம் ஜப்பானின் சுசுகியோடு கூட்டுச்சேர்ந்து 1984-இல் மோட்டார் சைக்கிளை வெளியிட்டதிலிருந்து 2001-இல் பிரிந்ததுவரை சுசுகிக் காலம்; அதே நிறுவனம் 2013-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூவோடு ஒப்பந்தம் செய்ததிலிருந்து பி.எம்.டபிள்யூ காலம்; ஓசூர் ஆலையிலேயே ஜி 310 வண்டிகள் உருவானது அதன் விளைவு. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளை வரலாற்றாசிரியர் வழக்கப்படி இருண்ட காலம் என்று அழைக்கலாம். அதாவது, அவ்வாண்டுகளில் பெயர்கள் வெளிநாட்டார் காதில் விழாமல் நிம்மதியாக இருந்தன.

சுசுகிக் காலத்துக்குரிய காதில் உமா என்பது குதிரை. லகரம் இல்லாத மொழியாதலால் பாலா 'பாரா' ஆகி, ரோஜாப்பூ. 'வி' என்னும் ஒலி இல்லாத மொழியாதலால் கவின் 'கபின்' ஆகி, பூச்சாடி. இம்மூவரும் ஒரே கலந்துரையாடலில் அறிமுகம் செய்துவைக்கப்பட்டால் ஜப்பானிய விருந்தினர் பூச்சாடியில் ரோஜாவை வைத்துவிட்டுக் குதிரையை என்ன செய்வதென்று சிந்திக்க வேண்டியிருக்கும். அவர்கள் காட்டும் நீண்ட, பணிவான மௌனத்துக்கு உற்பத்தித் தரம் மட்டுமே காரணம் என்று கொள்வது ஆய்வு நேர்மையாகாது.

பி.எம்.டபிள்யூ காலத்தில் உமாவும் பாலாவும் தப்பினர்; கவின் மட்டும் சிக்கினான். தமிழில் கவின் என்றால் அழகு. ஓரெழுத்து மட்டும் வேறுபடும் கெவின் என்பது அயர்லாந்துப் பெயர். அங்கும் அழகும் மென்மையும் உடைய பிறப்பு என்பதே அதன் மூலப்பொருள் என்பது இவ்வுலகில் அரிதாக நிகழும் நல்ல தற்செயல்களுள் ஒன்று. 1990-இல் ஹாலிவுட்டில் வெளியான, வீட்டில் தனியே விடப்பட்ட சிறுவனைப் பற்றிய படத்தின் நாயகன் கெவின். அப்படம் ஓடிய வேகத்தில் 1991-இல் ஜெர்மனியில் ஆண்குழந்தைப் பெயர்களில் கெவின் முதலிடத்துக்கு வந்தது. ஆனால் புகழ் விரைவிலேயே திரிந்தது. அப்பெயர் வசதியும் படிப்பும் குறைந்த குடும்பங்களின் அடையாளம் என்ற எண்ணம் பரவி, இவ்வாறு பெயரைக் கொண்டு மனிதரை இழிவாக எடைபோடும் போக்குக்கு 'கெவினிஸ்முஸ்' என்றொரு சொல்லே உருவாயிற்று. 2009-இல் ஓல்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் நடத்தப்பட்ட ஆய்வில், பள்ளி ஆசிரியர்கள் சில பெயர்களைக் கண்டவுடனே அக்குழந்தைகளிடம் குறைந்த திறனையும் மிகுந்த குறும்பையும் எதிர்பார்ப்பது தெரியவந்தது. அப்பட்டியலில் கெவின் முன்னணியில் இருந்தான். கெலமங்கலத்தில் அழகு என்று பெயர் பெற்று, ஜெர்மனிக்குப் பயிற்சிக்கு அனுப்பப்படும் இளைஞன், விமானத்திலிருந்து இறங்கியதும் பள்ளிக்கூடத் தொல்லைக்காரனாகத் தோன்றுவதற்கு இவ்வளவு நீண்ட காரணத்தொடர் இருக்கிறது. இதில் அவனுடைய தவறு ஓர் எழுத்துக்கூட இல்லை.

ஏனைய சான்றுகளை விரைந்து கடக்கலாம். ஹேமா வடமொழியில் பொன். நெதர்லாந்தில் 1926-இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கிய, புகையூட்டிய இறைச்சிக் குழலுக்குப் பெயர்பெற்ற கடைத்தொடர். மாலா ஸ்பானிய மொழியில் 'கெட்டவள்'. நிகிதா இந்தியாவில் பெண். 1955-இல் இந்தியாவுக்கு வந்துசென்ற சோவியத் தலைவர் நிகிதா குருஷேவ் ஆண் என்பதை எவரும் அப்போது கேள்வி கேட்கவில்லை. பாபு என்னும் தெலுங்குச் செல்லப்பெயர் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் தாத்தா, இந்தோனேசியாவில் வீட்டு வேலைக்காரி, வட இந்தியாவில் கோப்புகளை நகர்த்தாத அலுவலர். அண்ணா என்று எல்லையின் இருபுறமும் மரியாதையோடு அழைக்கப்படும் ஆடவர் எவரும் ஐரோப்பாவில் பெண்.

குழந்தையின் பெயரை வணிகத்துக்குத் தரும் வழக்கம் இப்பகுதிக்குப் புதிதன்று. ஓசூரில் 1980 முதல் இயங்கும் அசோக் லேலண்ட் ஆலையின் பெயரில் முன்பாதி, 1948-இல் அந்நிறுவனத்தைத் தொடங்கிய ரகுநந்தன் சரண் தம் மகனுக்கு இட்ட பெயர். பின்பாதி இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலுள்ள ஒரு சிறுநகரம். துயரமற்றவன் என்று பொருள்படும் ஒரு பிள்ளையின் பெயர் வெள்ளைக்கார ஊரொன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நாட்டின் எல்லா மேட்டுச் சாலைகளிலும் முக்கி முனகி ஏறுவது, பெயர்ப்பொருளுக்கு நேர் எதிரான காட்சி. ஓசூர்க் கைக்கடிகார நிறுவனமாகிய டைட்டனோ இன்னும் தந்திரமானது: டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்னும் இரு தொடர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து உருவாக்கப்பட்ட அப்பெயர், கிரேக்கத் தொன்மத்தின் அசுரர் குலப் பெயராகவும் அமைந்துவிட்டது. நாடுதோறும் வேறு பொருள் தந்தும் எங்கும் இழிவு தராத பெயருக்கு இது நல்ல முன்மாதிரி. ஆயினும் அதைப் பின்பற்றித் தந்தையின் நிறுவனத்தையும் தாயின் மாநிலத்தையும் சேர்த்துக் குழந்தைக்குப் பெயர் இட எந்தப் பாட்டியும் இதுவரை ஒப்பவில்லை.

பெற்றோர் இச்சிக்கலை எவ்வாறு அணுகுகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. முதல் தடை பஞ்சாங்கம். பிறந்த நட்சத்திரத்தின் நான்கு பாதங்களுக்கும் நான்கு தொடக்க எழுத்துகள் என்னும் வடமொழி மரபுப் பட்டியலில் அஸ்தத்தின் ஒரு பாதத்துக்கு ணகரமும் திருவாதிரையின் ஒரு பாதத்துக்கு ஙகரமும் ஒதுக்கப்பட்டுள்ளன; தொல்காப்பியமோ இவ்விரண்டும் மொழிமுதலில் வாரா என்று விலக்குகிறது. நட்சத்திரத்தையும் இலக்கணத்தையும் ஒருங்கே மதிக்கும் குடும்பத்தில் அப்பாதங்களில் பிறந்த குழந்தைக்குப் பெயரே இட முடியாது. இரண்டாம் தடை ழகரம். யாழினி, எழில், தமிழினி என்று தனித்தமிழ்ப் பெயர் இடுவோர் அதை ஆங்கிலத்தில் எழுதும்போது 'இசட்', 'எச்' என்னும் ஈரெழுத்துகளை நாடுகின்றனர். பழங்கன்னடத்தில் இருந்த ழகரத்தை எப்போதோ தொலைத்துவிட்ட கன்னட நண்பர் அதை ளகரமாகவும், ஒடிசாவிலிருந்து வந்த தோழர் அழுத்தமான ஜகரமாகவும் வாசிக்க, யாழ் என்னும் இசைக்கருவி ஒரே உற்பத்தி வரிசைக்குள் மூன்று சுருதிகளில் ஒலிக்கிறது. மூன்றாம் தடை கடவுச்சீட்டு. குடும்பப்பெயர் என்று ஒன்றில்லாத இப்பகுதியில் அக்கட்டத்தில் தந்தையின் பெயரே நிரப்பப்படுவதால், வெளிநாடு செல்லும் பிள்ளையை அங்குள்ளோர் அப்பன் பெயரைச் சொல்லியே கூப்பிடுகிறார்கள்; ஊரில் இது சண்டையின் தொடக்கமாகக் கருதப்படும்.

இத்தடைகளுக்கு அஞ்சிய பெற்றோர் இப்போது இரண்டு அசையில் முடிவதும், ழகரம் இல்லாததும், எந்த மொழியிலும் எந்தப் பொருளும் தராததுமான பெயர்களை இணையத்தில் தேடித் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆத்விக், தன்விக் என்று அவை ஒரே அச்சில் வார்க்கப்பட்ட உதிரிப்பாகங்கள்போல் வரிசையாக வருகின்றன. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் பொருத்தினாலும் வண்டி ஓடும். பிறழ்ச்சியைத் தவிர்க்கப் பொருளையே தவிர்ப்பது, தலைவலிக்குத் தலையை எடுப்பதற்கு ஒப்பானது என்பது இவ்வாய்வின் கருத்து.

ஆகவே எல்லாச் சோதனைகளையும் கடக்கும் பெயர் உண்டா என்று தேடுமிடத்து, விடை எதிர்பாராத திக்கிலிருந்து கிடைக்கிறது. முனியப்பா, மாரப்பா, முனியம்மா, லட்சுமம்மா முதலிய பழம்பெயர்கள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் ஒலியும் பொருளும் மாறாமல் வழங்குவன, ழகரம் இல்லாதவை, ஜப்பானியத்தில் குதிரையோ பூச்சாடியோ ஆகாதவை, ஜெர்மனியில் எந்த ஆசிரியரும் இவற்றைக் கேட்டு முகம் சுளித்ததாகச் செய்தியில்லை. தொட்டிலில் கிடக்கும்போதே அப்பா என்றும் அம்மா என்றும் விளிக்கப்படுவதால் குழந்தைக்குப் பொறுப்புணர்ச்சியும் வரும். அறிவியல் முறைப்படி தேர்ந்த இப்பெயர்களை இன்றைய பெற்றோர் ஒருமுகமாகத் தள்ளுவதற்கு ஒரே காரணம், அவை தாத்தா பாட்டியின் பெயர்கள் என்பதே. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்து, ஓசூரில் படித்து, மேற்படிப்புக்குப் பெங்களூரு சென்ற குழந்தைக்கு இராஜகோபாலாச்சாரி என்று எட்டு அசைக்குக் குறையாத பெயரைத் தயங்காமல் இட்ட தலைமுறை அது. உலகம் அதை எப்படி உச்சரிக்கும் என்று அவர்கள் கவலைப்படவில்லை, உலகந்தான் சி.ஆர். என்றும் ராஜாஜி என்றும் சுருக்கிக்கொண்டு வழிக்கு வந்தது.

பெயர் முடிவாகாத குழந்தையின் சட்டநிலை என்ன என்பது எஞ்சிய வினா. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன்படி பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். பெயரையோ உடனே தெரிவிக்க வேண்டியதில்லை. பெயர்க்கட்டம் வெறுமையாக விடப்பட்ட சான்றிதழில் 12 மாதங்கள்வரை கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள்வரை தாமதக் கட்டணத்தோடும் பெயரைச் சேர்த்துக்கொள்ள விதிகள் இடந்தருகின்றன. சட்டம் இயற்றியவர்கள் எல்லையோரக் குடும்பங்களின் ஆராய்ச்சி எவ்வளவு காலம் நீளும் என்பதை நன்கறிந்தவர்கள் என்றே தோன்றுகிறது. இந்த இடைக்காலத்தில் குழந்தை தமிழில் பாப்பா, தெலுங்கில் பாப்ப, கன்னடத்தில் பாப்பு என்று ஏறத்தாழ ஒரே ஒலியில் அழைக்கப்படுகிறது. கன்னடத்தில் பகர ஒற்றை விழுங்கிச் சொன்னால் 'ஐயோ பாவம்' என்றாகும், ஜெர்மனில் தந்தை என்றாகும், தென் அமெரிக்க ஸ்பானியத்தில் உருளைக்கிழங்கு என்றாகும் என்பவை உண்மையே எனினும், குழந்தை எல்லாவற்றுக்கும் ஒரேபோல் திரும்பிப் பார்க்கிறது. சூளகிரியிலும் பாகலூரிலும் பேரிகையிலும் முதியோரிடையே பாப்பம்மா, பாப்பண்ணா, பாப்பையா என்னும் பெயர்கள் வழங்குவதற்கு மொழியியலார் வேறு விளக்கங்கள் தரக்கூடும். இவ்வாய்வின் துணிபு, அவர்கள் வீட்டில் பெயர்த் தேர்வு பற்றிய விவாதம் இன்னும் முடியவில்லை என்பதே.